தையல்நாயகி கனவு மாநாட்டுக்குப் போன கதை

ஒரு காட்டில், இலவ மரத்தின் உச்சிக் கிளைக்கு ஏறினால் மட்டும் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரு காட்டில், தையல்நாயகி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். காலையில் எழுந்ததும் முருகனைக் கும்பிடுவாள், கிழங்கு தோண்டுவாள், சாயங்காலம் மறுபடியும் முருகனைக் கும்பிடுவாள். உடம்பு முழுக்க வேல் இருந்தும் யாரையும் குத்தாத குணம்.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வளை தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசிப் பெண் கோமளத்தை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். நல்ல இடம்தான். மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து அவனுடைய அம்மா வேம்பம்மாள் பேசிவிடுவதால் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை.

கோமளம் இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதானே முறை. வளைகாப்புப் போட்டு அழைத்து வந்துவிடலாம் என்று தையல்நாயகி கொடியில் வளையல்கூட முடைந்து வைத்திருந்தாள். அதற்குள் மேற்கே மழை பிடித்து, ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. மகளை இங்கே கொண்டுவர முடியாது. இவள் அங்கே போகவும் முடியாது.

அந்த ஆற்றில் இறங்கி அக்கரை ஏறக்கூடியவர் காட்டிலேயே ஒருவர்தான், யானை கஜபதி. தையல்நாயகி போய்க் கேட்டாள்.

“அண்ணே, பெத்த பொண்ணு அக்கரையில வலி கண்டு கிடக்கப் போறா. முதுகுல ஒரு ஓரமா ஏத்திக்கிட்டுப் போய் விட்டுடுங்க.”

“உனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரலை தங்கச்சி,” என்றார் கஜபதி. “ஆனா போன வருஷம் உன் ஓர்ப்படி மகனை ஏத்திக்கிட்டுப் போனேன். பய இறங்கிப் போனான், அவன் முள்ளுல பாதி இறங்கலை. இன்னைக்கும் மரத்துல முதுகைத் தேய்ச்சா அவன் ஞாபகம் வருது.”

“நான் முள்ளை மடக்கிக்கிட்டு உட்காருவேன் அண்ணே.”

“அவனும் அப்படித்தான் சொன்னான்.”

வேறு வழி தெரியாமல் திரும்பி வந்தவளின் காதில், அரச மரத்துக் காக்கை கத்திக்கொண்டிருந்த செய்தி விழுந்தது. அக்கரைப் பாறை மண்டபத்தில் அனைத்து வனக் கனவியல் மாநாடு நடக்கப் போகிறதாம். பேராசிரியர் ஆந்தையார் நடத்துகிறாராம். அவரவர் கண்ட கனவைப் பற்றிக் கட்டுரை வாசிக்கலாமாம். முதலில் ஆய்வுச் சுருக்கம் என்று ஒன்று அனுப்ப வேண்டும். அது தேறிவிட்டால் கட்டுரையாளரை யானை கஜபதியே சுமந்து போய் மண்டபத்தில் இறக்குவார். அதற்காகக் கமிட்டி அவருக்குக் கரும்பு பேசி முடித்திருக்கிறது. முள் இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று யாரையும் அவர் தட்டிக்கழிக்கக் கூடாது என்றும் பேச்சு.

ஆய்வு என்றால் என்னவென்று தையல்நாயகிக்குத் தெரியாது. கனவு தெரியும். தூங்கினால் வருவது. ‘முருகா, நல்லதா ஒரு கனவு குடு’ என்று கும்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

விடியற்காலையில் கனவு வந்தது. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். கோமளத்துக்குச் சுகப்பிரசவம். பேரப்பிள்ளை இவள் மடியில் கிடக்கிறது. பிறந்த பிள்ளையின் முள் எல்லாம் பஞ்சு பஞ்சாக இருக்கிறது. அது ஒரு கொட்டாவி விடுகிறது. அவ்வளவுதான்.

எழுந்தவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. கூடவே பயமும் வந்தது. அந்தக் காட்டில் பால் குடிக்கிற குட்டிக்குக்கூட இது தெரியும்: கெட்ட கனவு கண்டால் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும், அது அடித்துக்கொண்டு போய்விடும். நல்ல கனவு கண்டால், பலிக்கிறவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. சொன்னால் பலிக்காது. அதிலும் இது பிரசவ விஷயம்.

சொல்லாவிட்டால் ஆற்றைத் தாண்ட முடியாது. சொல்லிவிட்டால் தாண்டிப் போய் என்ன பிரயோசனம். சரி, கூப்பிட்ட குரலுக்கு முருகன் வருவான் என்று கிளம்பி, இலவ மரத்தடிக்குப் போனாள்.

அங்கே குரங்கு கொளஞ்சி இ-சேவை மையம் வைத்திருந்தார். பிள்ளை குட்டிக்காரர், முட்டிவலிக்காரர். கேள்வி கேட்பது மரத்தடியில், சிக்னல் கிடைப்பது மரத்துச்சியில். ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் கீழே வந்து கேட்பார், பதிலை மேலே போய் ஏற்றுவார். முன்னால் நின்றவர்கள் தங்கள் கனவைச் சத்தம்போட்டுச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே வரிசையில் நின்று நின்று தையல்நாயகியின் முறை வந்தது.

“முதல்ல போட்டோ. அக்கா, அந்த முள்ளைக் கொஞ்சம் மடக்குங்க, கட்டத்துக்குள்ள அடங்கலை.”

மடக்கினாள்.

“இப்ப முகம் தெரியலை. பரவாயில்லை, யாரும் பார்க்கப் போறதில்லை. எந்த நிறுவனத்துல வேலை பார்க்கறீங்க?”

“வீட்டுலதான் தம்பி இருக்கேன்.”

“அப்ப சுயாதீன ஆய்வாளர்னு போட்டுடறேன். வீட்டுல இருக்கறவங்களை அப்படித்தான் போடறது.” கொளஞ்சி மேலே ஏறினார், இறங்கினார். “ஆய்வு முறை என்ன?”

“அப்படின்னா?”

“கனவை எப்படிக் கண்டீங்க?”

“முருகனைக் கும்பிட்டுட்டுப் படுத்தேன், வந்துச்சு.”

ஏறினார், இறங்கினார். முட்டியைத் தடவிக்கொண்டார். “சரி, இப்ப முக்கியமானது. கனவை விவரமாச் சொல்லுங்க.”

“அதைச் சொல்ல மாட்டேன்.”

“என்னக்கா விளையாடறீங்க. அந்தக் கட்டத்துல சிவப்புப் பொட்டு வச்சிருக்கான். அது கட்டாயம் நிரப்பணும்.”

“நல்ல கனவு தம்பி. விடியக்காலைக் கனவு. எப்படிச் சொல்ல? உங்க வீட்டுல சொல்லுவீங்களா?”

கொளஞ்சி யோசித்தார். அவரும் அந்தக் காட்டில் பிறந்தவர்தானே. “எங்க வீட்டம்மா ஒரு தடவை பலாப்பழம் கனவு கண்டு வாய்விட்டுச் சொல்லிட்டா. அந்த வருஷம் பூரா காட்டுல ஒரு பிஞ்சு நிக்கலை. நீங்க சொல்லாதீங்க. எனக்குக்கூட வேண்டாம். அப்ப என்னதான் போட?”

“நல்ல கனவு வந்தது, பலிச்சதும் சொல்றேன்னு போடுங்க.”

ஏறினார். வெகுநேரம் கழித்து இறங்கினார். “காணாதுங்கறான் அக்கா. இன்னும் நிறைய வார்த்தை வேணுமாம். கட்டம் சிவப்பாவே நிக்குது.”

“மீதி இடத்துக்கு சாமி பேரைப் போட்டு நிரப்பிடுங்க தம்பி. நல்ல காரியம்தானே.”

கொளஞ்சி உச்சிக் கிளையில் உட்கார்ந்து ‘முருகா முருகா முருகா’ என்று தட்டிக்கொண்டே இருந்தார். கட்டம் பச்சையானபோது அவருக்கே முட்டிவலி கொஞ்சம் தேவலை போலிருந்தது.

இனி அக்கரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆந்தையாரின் மதிப்பீட்டுக் குழுவில் அவரையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் நரியும் கரடியும். கட்டுரையை மதிப்பிடுகிறவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதால் மூன்று பேரும் முகத்தில் இலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வந்த ஆய்வுச் சுருக்கங்களைப் படிக்கப் படிக்க மூவருக்கும் குலை நடுங்கியது. காட்டிலிருந்த அத்தனை பேரும் கெட்ட கனவாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். நல்ல கனவை யார் எழுதித் தருவார்கள்? கெட்ட கனவையோ சொல்லித் தொலைக்கத்தான் வேண்டும். ஆற்றில் வெள்ளம், பக்கத்தில் போக முடியவில்லை. ஆகவே தண்ணீரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆந்தையாருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அவரவர் நிம்மதியாகத் தூங்கினார்கள். தன் காதே தன்னைத் துரத்தியதாக முயல் எழுதியிருந்தது. தான் மானாகப் பிறந்து புல் தின்றதாகப் புலி எழுதி, ‘அழுகையாக வந்தது’ என்று அடியில் சேர்த்திருந்தது. குட்டைக்கு யாரோ டைல்ஸ் ஒட்டிவிட்டதாக எருமை எழுதியிருந்தது, அதுவும் வழுவழு டைல்ஸ்.

இத்தனை பேர் கெட்ட கனவும் மூன்று பேர் தலையில் இறங்கினால் எப்படித் தூக்கம் வரும்? நரிக்குக் கண் குழி விழுந்துவிட்டது. கரடி, வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று மூட்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் தையல்நாயகியின் சுருக்கம் கைக்கு வந்தது. ‘நல்ல கனவு வந்தது. பலித்ததும் சொல்கிறேன்.’ அதற்குக் கீழே கட்டம் முழுவதும் முருகா. ஆந்தையார் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். பாதி கட்டத்துக்குள் கரடி சாய்ந்துவிட்டது. முக்கால் கட்டத்தில் நரிக்குக் கண் செருகியது. கடைசி முருகாவை ஆந்தையார் சொன்னாரா என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

மறுநாள் மதிப்பீடு எழுதினார்கள். முதலாமவர்: ‘ஆழமான கட்டுரை. நான் ஆழ்ந்துவிட்டேன். ஏற்கலாம்.’ இரண்டாமவர்: ‘என்னுடைய கட்டுரைகளை ஓரிடத்திலும் எடுத்துக் காட்டவில்லை. மன்னித்தேன். ஏற்கலாம்.’ மூன்றாமவரிடமிருந்து குறட்டை மட்டும் வந்தது. அதையும் ஏற்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். கனவு என்ன என்பதை மாநாட்டு மேடையில் சொல்லியாக வேண்டும். மேடை ஏறிப் பேசாத ஆளை யானை அப்போதே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடும். பேசி முடிக்கிறவரை யாரும் மண்டபத்தை விட்டு வெளியே போகவும் கூடாது.

“போற வழியில முருகன் ஏதாவது பார்த்துக்குவான்,” என்று தையல்நாயகி கிளம்பினாள்.

கஜபதி முதுகில் வாழைமட்டையை அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு நின்றார். மட்டைக்கு மேல் சாக்கு. சாக்குக்கு மேல் இன்னும் வாழைமட்டை.

“மூச்சைக் கொஞ்சமா விடு தங்கச்சி. நீ மூச்சு விட்டா முள்ளும் சேர்ந்து எழும்புது.”

“சரிங்க அண்ணே.”

“பதிலும் சொல்லாதே.”

ஆற்றின் நடுவில் காக்கை வந்து அவர் தந்தத்தில் உட்கார்ந்தது. “தையல்நாயகியம்மா, உங்க பொண்ணுக்கு விடியக்காலையிலேருந்து வலி எடுத்திருக்கு. அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கா.”

அவள் மூச்சையே விடவில்லை. முள்தான் தானாக எழும்பியது. கஜபதி ஒரு சத்தம் போட்டார். ஆனால் நடையை வேகமாக்கினாரே தவிர நிறுத்தவில்லை. நல்ல மனசுக்காரர், முருகன் அவரை நன்றாக வைக்கட்டும்.

மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலில் கரடி நின்று கழுத்தில் பெயர்ச்சீட்டு மாட்டிவிட்டது. கோமளத்தின் வளை பாறைக்குப் பின்னால், கூப்பிடு தூரம்தான். தையல்நாயகி கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தாள். “பேசிட்டுத்தான் போகணும்மா,” என்றது கரடி. முதல் அமர்வில் முதல் பேச்சு இவளுடையது.

மேடை ஏறினாள். ஆந்தையார் கையில் மணியோடு உட்கார்ந்திருந்தார்.

“அம்மணி, நேரம் கொஞ்சம்தான். மணி அடிச்சா இறங்கிடணும். நேரா கனவுக்கு வாங்க.”

எதிரே அத்தனை முகம். கனவைச் சொல்ல வாய் வரவில்லை, அங்கே பிள்ளை தலைகாட்டுகிற நேரம். சொல்லாமல் இறங்கினால் கஜபதி மட்டையோடு தயாராக நிற்கிறார். ‘முருகா, நீயே பேசு’ என்று கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது ஒன்று மட்டும் தோன்றியது. எது பேசுவதானாலும் முதலில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் இல்லையா. எந்த மேடையிலும் அதுதானே மரியாதை.

“மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் ஆந்தையார் அவர்களே,” என்று ஆரம்பித்தாள். ஆந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்து இறகைச் சரிசெய்துகொண்டார்.

“முன்னிலை வகிக்கும் நரியார் அவர்களே. வாசலில் கால் கடுக்க நிற்கும் கரடியார் அவர்களே. என்னை முதுகில் சுமந்து, குத்தினதைப் பொறுத்துக்கொண்ட கஜபதி அண்ணன் அவர்களே.”

வெளியே கஜபதி தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் புலி தொண்டையைச் செருமியது. அதை எப்படி விடுவது? “புல் தின்ற துக்கத்திலும் வந்திருக்கும் புலியார் அவர்களே.” புலி தலையாட்டியது. புலியைச் சொல்லிவிட்டு மானைச் சொல்லாவிட்டால் மான் என்ன நினைக்கும்? “மானார் அவர்களே.” எருமை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. “எருமையார் அவர்களே, உங்கள் குட்டைக்கு ஒன்றும் ஆகாது, சாமி இருக்கிறார்.” எருமை விசும்பியது.

பெயர் வந்தவர்கள் எல்லோரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். பெயர் வராதவர்கள் எல்லோரும் இவளையே பார்த்தார்கள். ஒருவரையும் விட அவளுக்கு மனசு வரவில்லை. முயலார், முயலார் மனைவி, ஓணான், உடும்பு, மரங்கொத்தி. தூணில் ஏறிக்கொண்டிருந்த கரையான்களைக்கூட, “இந்த மண்டபத்தை மெல்லத் தின்றுகொண்டிருக்கும் கரையான் பெருமக்களே” என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாள். அட்டைப்பூச்சியைக் கூப்பிட்டாள். வௌவாலைக் கூப்பிட்டபோது, அது தலைகீழாக இருந்ததால் இவளும் தலையைச் சாய்த்துக் கும்பிட்டாள்.

மணி அடித்தது.

“அம்மணி, கனவு?” என்றார் ஆந்தையார்.

“நேரம் ஆயிடுச்சுங்களே,” என்றாள் தையல்நாயகி.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. இப்படி ஒரு ஆய்வுரையை வாழ்நாளில் கேட்டதில்லை என்றது ஓணான். ஆராய்ச்சி என்றால் எல்லோரையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்றது நரி. மாநாட்டின் சிறந்த கட்டுரை இதுதான் என்று அங்கேயே அறிவித்து, பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தினதும் அது சல்லடையாகிவிட்டது. அதையும் கழற்ற நேரமில்லாமல் தையல்நாயகி பாறைக்குப் பின்னால் ஓடினாள்.

வளை வாசலை நெருங்கும்போதே பிள்ளைச் சத்தம் கேட்டது. சின்னதாக, கீச்சென்று. உள்ளே நுழையப் பார்த்தாள். முடியவில்லை. வாசல் முழுக்க முள். அத்தனையும் விறைத்து நின்றது. முள்ளுக்கு நடுவில் சம்பந்தியம்மாள் வேம்பம்மாள்.

“வாங்க சம்பந்தியம்மா. வந்துட்டீங்களா. பெரிய பேச்செல்லாம் பேசினீங்களாமே.”

“பிள்ளை பொறந்தாச்சா? கோமளம் எப்படி இருக்கா? கொஞ்சம் வழி விடுங்களேன்.”

“எல்லாம் சுகமா இருக்காங்க. நானும் மண்டபத்துக்கு வந்தேன், தெரியுமா? மருமகளுக்கு வலி கொஞ்சம் அடங்கின நேரமாப் பார்த்து, நம்ம சம்பந்தி பேசறாங்களேன்னு ஓடி வந்து ரெண்டாவது வரிசையில உட்கார்ந்தேன். ஓணானைச் சொன்னீங்க. அட்டையைச் சொன்னீங்க. கரையானுக்குப் பெருமக்களேன்னு போட்டீங்க.” வேம்பம்மாளின் முள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. “என் பேர் வருமா வருமான்னு கடைசி மணி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தறதுக்குள்ள ஓடி வந்து பிள்ளையையும் கையில வாங்கியாச்சு.”

தையல்நாயகி அவளைப் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். பார்த்துவிட்டு, நம் வீட்டு ஆள்தானே என்று தாண்டிப் போய்விட்டாள்.

“நம்ம வீட்டு ஆளை மேடையில எதுக்குத் தனியாச் சொல்லிக்கிட்டுன்னு விட்டேன் சம்பந்தியம்மா.”

“ஓகோ. நம்ம வீட்டு ஆளுன்னா அட்டையைவிடக் கீழேயா?”

“ஐயோ, அப்படி இல்லைங்க.”

“அட்டை பக்கத்துலதான் உட்கார்ந்திருந்துச்சு. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துச்சு. அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?”

வளைக்குள்ளிருந்து கோமளத்தின் குரல் வந்தது, களைத்துப்போய். “அம்மா, இங்கயே ஒரு தடவை சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா இவ வயசுக்கு வர்ற வரைக்கும் நீங்க வாசல்லதான் நிக்கணும்.”

பேத்தி என்று தெரிந்ததும் தையல்நாயகிக்கு வேறு யோசனையே இல்லை. பொன்னாடையை முள்ளிலிருந்து விடுவித்தாள். வளை வாசலில் மேடையில் நிற்பதுபோல் நின்றாள்.

“பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மாள் வேம்பம்மாள் அவர்களே.”

“மாதர் குல மாணிக்கம்னு முன்னால வரும்,” என்றாள் வேம்பம்மாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

“மாதர் குல மாணிக்கம், பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மாள் வேம்பம்மாள் அவர்களே. இந்த மாநாட்டின் உயிர்நாடி அவர்களே.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா. மண்டபத்துல இருக்கறவங்களுக்குக் கேட்கலை.”

சத்தமாகச் சொன்னாள். அட்டைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினாள். ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்த துணி, வேம்பம்மாளின் முள்ளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. முள் ஒவ்வொன்றாக மடங்கியது. வழி திறந்தது.

“உள்ளே வாங்க சம்பந்தியம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்களே,” என்றாள் வேம்பம்மாள். பேத்தியைத் தானே எடுத்து வந்து மடியில் போட்டாள்.

முள் எல்லாம் பஞ்சு பஞ்சாக இருந்தது. பிள்ளை இவளை ஒரு கண்ணால் பார்த்து, ஒரு கொட்டாவி விட்டது. ‘முருகா’ என்றாள் தையல்நாயகி. கனவில் கண்டது அப்படியே பலித்திருந்தது. கனவில் சம்பந்தியம்மாள் மட்டும் இல்லை, அது கனவுதானே.

இனிமேல் சொல்லலாம், தோஷமில்லை. ஆந்தையாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று தையல்நாயகி காக்கையிடம் சொல்லி அனுப்பினாள். கனவு பலித்துவிட்டது, வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று. ஆந்தையார் பதில் அனுப்பினார்: கனவு இப்போது தேவையில்லை. அடுத்த பேச்சாளராக வந்த முயல் எல்லோர் பெயரையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்னும் முடியவில்லை.

நீதி: மேடை ஏறினால் கனவைச் சொல்லாமல் இறங்கலாம், ஆராய்ச்சி செய்யாமலும் இறங்கலாம், சம்பந்தியம்மாள் பெயரைச் சொல்லாமல் மட்டும் இறங்கக் கூடாது.